தம்பிக்கு மஜ்ஜை மாற்று: தங்கை பொருந்துகிறாள், சம்பந்தி வீட்டில் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மன்னை_பெரியவன்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கிராமம். தம்பிக்கு 24 வயது, ஐடிஐ முடித்துவிட்டு டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கிறான். கொஞ்ச நாளாகவே சோர்வு. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள். ஒருவர் டெங்கு என்றார், இன்னொருவர் ரத்தசோகை என்று டானிக் எழுதினார். கடைசியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் கடுமையான அப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஊறுவதே குறைந்துபோகிற நோய் என்று வந்தது. ஹீமோகுளோபின் 5.8, பிளேட்லெட் 9,000, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 310.

வேலூரில் காட்டினோம். திசுப் பொருத்தம் பார்க்கிற ஹெச்எல்ஏ பரிசோதனையில் எனக்குப் பொருந்தவில்லை. தங்கைக்கு முழுவதும் பொருந்துகிறது. தங்கையைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அங்கேதான் சிக்கல். "முதுகுத்தண்டிலிருந்து எடுத்தால் படுத்த படுக்கையாகிவிடுவாள்", "அடுத்த குழந்தை தங்காது", "அவள் பி பாசிட்டிவ், அவன் ஓ பாசிட்டிவ், எப்படி ஒத்துக்கொள்ளும்" என்று சம்பந்தியம்மா ஒரே பிடியாக நிற்கிறார். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான், அம்மா பேச்சைத் தாண்டமாட்டார்.

மஜ்ஜை மாற்றாமலே கொடுக்கிற ஏடிஜி என்று ஒரு மருந்து உண்டாம். பொல்லாப்பு எதற்கு, அதையே போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

இரத்தவங்கி_அக்கா

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது அவனுக்கு ரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்க வரிசையில் நின்றால் உடனே நிறுத்துங்கள். அப்பா, அம்மா, நீங்கள், தங்கை, சித்தப்பா பிள்ளைகள், மாமா பையன்கள், யாரும் வேண்டாம். சொந்தக்காரர் ரத்தம் உள்ளே போனால் நோயாளியின் உடம்பு அந்தக் குடும்பத்து அணுக்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். பின்னால் தங்கையின் மஜ்ஜையை ஏற்றும்போது அதையும் வேற்றாளாகப் பார்த்து விரட்டப் பார்க்கும். அப்ளாஸ்டிக் நோயில் ஒட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளியாள் ரத்தமே நல்லது. அதிலும் வெள்ளணு வடிகட்டிய, கதிரூட்டிய பை என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப்பக்கம் ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்றால் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பாசம்தான், வேண்டாம் என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவர்களை மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி சம்பந்தியம்மா கேட்டவை. முதுகுத்தண்டை யாரும் தொடமாட்டார்கள். மஜ்ஜையாக எடுத்தால் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் உறிஞ்சுவார்கள். சில நாள் இடுப்பு வலி இருக்கும். எடுத்த மஜ்ஜை நாலு முதல் ஆறு வாரத்தில் தானாக ஊறிவிடும். இன்னொரு வழியில் நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்து, பிளேட்லெட் எடுக்கிற மாதிரியே இயந்திரத்தில் பிரித்தெடுப்பார்கள். எந்த வழி என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொடுக்கும் நேரத்தில் கர்ப்பமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்கும் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

ரத்த வகை ஒத்துப்போக வேண்டியதில்லை. ஹெச்எல்ஏ ஒத்துப்போனால் போதும். வகை வேறாக இருந்தால் ஏற்றும்போது சில முன்னேற்பாடுகள் செய்வார்கள். மாற்று நன்றாகப் பிடித்துக்கொண்டால் உங்கள் தம்பி சில மாதங்களில் தங்கையின் வகையான பி பாசிட்டிவாகவே மாறிவிடுவான். ஒவ்வோர் உடன்பிறப்புக்கும் நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. உங்களுக்கு அது அமைந்திருக்கிறது.

தாளடி_விவசாயி

ஏடிஜி போட்டுக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது, கூடப்பிறந்தவர்கள் யாரும் பொருந்தவில்லை, அதனால் அந்த வழி. அது குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்து. நாலு நாள் டிரிப்பில் மெதுவாக ஏற்றுவார்கள். முதல் நாள் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். அது அடங்கி ஒரு வாரம் கழித்து மூட்டெல்லாம் வலித்துக் காய்ச்சல் வந்தது, அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூடவே சைக்ளோஸ்போரின், எல்ட்ரோம்போபாக் மாத்திரைகள்.

போட்ட மறுவாரமே கவுண்ட் ஏறும் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். எனக்குச் சம்பா நடவின்போது போட்டது, அறுப்பு முடிந்த பிறகுதான் பிளேட்லெட் ஏற்றாமல் நிற்கத் தொடங்கியது. பத்துப் பேருக்குப் போட்டால் ஆறேழு பேருக்குக் கேட்கும் என்றார்கள். கேட்டவர்களிலும் சிலருக்குத் திரும்ப வரலாம், பல வருடம் கழித்து வேறு மஜ்ஜை நோயாகவும் மாறலாம். உங்கள் தம்பிக்கு 24 வயது, கூடப்பிறந்தவள் முழுதாகப் பொருந்துகிறாள். 40 வயதுக்குள் இருந்து, உடன்பிறப்பும் அமைந்தால் முதலில் மாற்றுதான் என்று எனக்கே மருத்துவர் சொன்னார். வீட்டில் பொல்லாப்பு வரும் என்பதற்காக வைத்தியத்தை மாற்றாதீர்கள். அப்பாவிடம் மரியாதையாகவே, ஆனால் நேராகச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. வெள்ளணு இல்லாத ஆளை வைக்கோல் போர் பக்கமே விடாதீர்கள். அறுவடை இயந்திரம் கிளப்புகிற தூசு, நெல் தூற்றுகிற இடம், மாட்டுக் கொட்டகை, ஈரத்தில் பூஞ்சை பிடித்த சாக்கு, எல்லாவற்றிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை இருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போகும், அவனுக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் வீட்டுக்கு அடுத்தது கொள்முதல் நிலையம். அந்த வருடம் மூட்டை வந்து இறங்கும் முன்பே என் மனைவி என்னைத் தஞ்சாவூரில் மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மூலிகை_மணி

பப்பாளி இலைச் சாறு இரண்டு வேளை, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) தினமும், பீட்ரூட், மாதுளை, பனங்கருப்பட்டி. ஒரு மண்டலம் கொடுத்துப் பாருங்கள். எலும்பைக் குடைந்து எடுக்கிற வேலையெல்லாம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளின் வியாபாரம். பூச்சிமருந்து தெளித்த அரிசியைத் தின்றுதான் இந்த நோயே வருகிறது.

குடந்தை_தாய்

ஐயா, சுவரொட்டி இரும்புச்சத்து குறைந்தவருக்கு நல்லது. இந்தப் பையனுக்கு இரும்பு குறையவில்லை. மஜ்ஜைதான் ரத்தத்துக்கு நாற்றங்கால். நாற்றங்காலே காய்ந்து கிடக்கும்போது வயலில் எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் என்ன முளைக்கும்? சொல்லப்போனால் ஏற்றுகிற ஒவ்வொரு ரத்தப் பையும் உடம்பில் இரும்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. என் மகனுக்குத் தலசீமியா. சேர்ந்த இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அளவு ஆயிரத்தைத் தாண்டி ஏறி, அந்த இரும்பை வெளியேற்றவே டெஃபராசிராக்ஸ் கரைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் முருங்கைக்கீரை சூப்பும் கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கோபம்.

பப்பாளி இலை டெங்குப் பேச்சில் அடிபடுகிற சங்கதி. டெங்குவில் மஜ்ஜை உயிரோடு இருக்கிறது, காய்ச்சல் இறங்கினால் கவுண்ட் தானே ஏறும். இங்கே அப்படி இல்லை. நியூட்ரோஃபில் 310 உள்ளவனுக்குப் பச்சை இலையை அரைத்துக் கொடுத்தால் அதிலிருக்கிற கிருமிதான் முதலில் வேலையைக் காட்டும். பூச்சிமருந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானோருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை. பிடிபட்டாலும் இவனுக்கு இப்போது செய்ய வேண்டிய வைத்தியம் மாறாது.

தம்பி, பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகளுக்குத் தனி நிதி உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். கோல் இந்தியா நிறுவனம் தலசீமியாக் குழந்தைகளின் மஜ்ஜை மாற்றுக்கு 2017-இல் தொடங்கிய உதவியில் அப்ளாஸ்டிக் அனீமியாவையும் பிற்பாடு சேர்த்தார்கள், 10 லட்சம் வரை கிடைக்கும். வயது, வருமான வரம்பு இருக்கிறது, பட்டியலில் உள்ள மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். வேலூர் சிஎம்சி அதில் இருக்கிறது. பிரதமர் நிவாரண நிதிக்கு மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும், எம்.பி. அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மனு போடுங்கள். ஒன்று வரட்டும், பார்த்து அடுத்தது என்று காத்திருந்தால் காலம் போய்விடும்.

மன்னை_பெரியவன்

அக்கா, மிக்க நன்றி. மாமா பையன்கள் ரத்தம் கொடுக்கக் கிளம்பி நின்றார்கள், நிறுத்திவிட்டேன். காப்பீட்டு அட்டை இருக்கிறது. கோல் இந்தியா விஷயம் புதிது, கேட்கிறேன். சம்பந்தியம்மாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்தே காட்டினேன். "எழுதுகிறவர்களுக்கு என்ன, கொடுத்தவர்கள் யாராவது உண்டா" என்கிறார்.

நாகை_கொடையாளி

உண்டு அண்ணே, நான் கொடுத்திருக்கிறேன். கல்லூரியில் ஸ்டெம் செல் கொடையாளர்களைப் பதிவு செய்கிற தாத்ரி அமைப்பின் முகாம் போட்டார்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனார்கள். அப்புறம் நானே மறந்துபோனேன். ரொம்ப நாள் கழித்து ஒரு போன். யாரோ ஒருவருக்குப் பொருந்துகிறது என்றார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்து நாள் ஊசி. மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் நெஞ்செலும்பும் குடைந்தன, காய்ச்சல் வரப்போகிற மாதிரி ஒரு வலி. பாரசிட்டமாலுக்கு அடங்கியது. கொடுக்கிற நாளில் இரண்டு கையிலும் ஊசி, நாலைந்து மணி நேரம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கை வழியாகத் திரும்புகிறது. நடுவில் உதடும் மூக்கு நுனியும் விறுவிறுவென்று மரத்தன. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் அப்படியாம். கால்சியம் மாத்திரையைச் சப்பச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. கை மடக்கக்கூடாது என்பதால் மூக்கு அரித்தபோது சொறிந்துவிட நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது, அதுதான் எனக்குப் பெரிய அவஸ்தை. சேர்ந்து கிடந்த பை சாத்துக்குடிச் சாறு பாக்கெட் அளவுகூட இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சம்பந்தியம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். வேண்டுமானால் போனில் பேசுகிறேன்.

திருவையாறு_செவிலி

இவ்வளவு தூரம் படித்துவிட்டேன். மாமியார் சொன்னது, மாப்பிள்ளை சொன்னது, அப்பா சொன்னது எல்லாம் இருக்கிறது. கொடுக்கப் போகிறவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லையே. அண்ணா, அவளைக் கேட்டீர்களா?

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நீங்களும் அப்பாவும் எதிரே உட்கார்ந்துகொண்டு "தம்பி உயிர் உன் கையில்" என்று ஆரம்பித்தால் அது கேட்பது ஆகாது. நல்ல மாற்று மையங்களில் கொடையாளியைத் தனியே அழைத்துப் பேசுவார்கள், முடிந்தவரை நோயாளியைப் பார்க்காத வேறு மருத்துவர் பேசுவார். அவள் பயத்தை அங்கே சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை அவளுக்கு விளக்கியாக வேண்டும். தம்பிக்குக் கண்டிஷனிங் மருந்து, அதாவது புது மஜ்ஜைக்காக அவன் உடம்பைத் தயார் செய்கிற மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு மனம் மாறினால் அவன் உயிருக்கே ஆபத்து. அதனால் யோசிப்பதையெல்லாம் இப்போதே யோசிக்கட்டும்.

உள்ளதைச் சொல்லவும் வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணிடமிருந்து ஆணுக்குக் கொடுக்கும்போது, புது மஜ்ஜை நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்குகிற ஜிவிஹெச்டி கொஞ்சம் கூடுதலாக வரலாம். அதற்காக முழுதாகப் பொருந்துகிற உடன்பிறப்பை யாரும் ஒதுக்குவதில்லை. மருத்துவரிடம் கேட்கிற பட்டியலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். இள வயதில் வருகிற அப்ளாஸ்டிக்கில் ஃபேன்கோனி என்ற பரம்பரை நோய் இல்லை என்று உறுதி செய்தார்களா, தங்கைக்கும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் ஒன்று. மாற்றுக்கு முன் கொடுக்கிற மருந்துகளால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. விந்தணுவை முன்பே சேமித்து வைக்க முடியுமா என்று நீங்கள்தான் அவனைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். அம்மாவும் கேட்கமாட்டார், அவனும் வெட்கத்தில் கேட்கமாட்டான்.

சீர்காழி_சாமி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு சிஎம்எல், அதாவது நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். மாற்று இல்லாமல் தினம் ஒரு இமாட்டினிப் மாத்திரையிலேயே ஓடுகிறது. கம்பெனிக்காரன் காப்புரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போய் 2013-இல் தோற்றதால்தான் நம்மூர் மாத்திரை எட்டுகிற விலையில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. மஜ்ஜை நோய் என்றதும் எல்லோரும் மாற்றுக்கு ஓட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். இந்தப் பையனுக்கு அது பொருந்தாது, தெரியும்.

மட்டுறுத்துநர்

சாமி அண்ணன், சிஎம்எல்லுக்குத் தனி இழை திறந்து எழுதினால் பலருக்குப் பயன்படும். மூலிகை_மணி அவர்களின் அடுத்த பதிவு ஒரு விற்பனைச் சுட்டியாக இருந்ததால் நீக்கியிருக்கிறேன்.

மன்னை_பெரியவன்

செவிலி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன். "நீ எப்போது கேட்பாய் என்றுதான் இருந்தேன்" என்றாள். ஹெச்எல்ஏ முடிவு வந்த அன்றே கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டாளாம். அவளுக்கு இருந்த பயம் மயக்க மருந்து பற்றியது மட்டும்தான். போன பிரசவத்தில் மயக்கம் தெளிய நேரமாகியிருக்கிறது, அது எனக்குத் தெரியாது.

வேலூரில் தேதி வாங்கி அவளையும் மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் சேர்த்தே அழைத்துப் போனோம். தங்கையிடம் தனியே பேசினார்கள், அப்புறம் மற்ற இருவரிடமும் பேசினார்கள். எந்த எலும்பிலிருந்து எடுப்பார்கள் என்று மருத்துவர் தன் இடுப்பையே தொட்டுக் காட்டினார். சம்பந்தியம்மா கேட்ட கடைசிக் கேள்வி, ஆடி கழித்து வைத்துக்கொள்ளலாமா என்பது. ஒவ்வொரு வாரமும் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது, ஏற்றுகிற ரத்தமும் கூடுகிறது, தள்ளிப்போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு முழுச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அது போதும்.

இனி ஊருக்கும் வேலூருக்கும் அலைவதைப் பற்றிச் சொல்லுங்கள். இடையில் ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

இரத்தவங்கி_அக்கா

காய்ச்சலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 100.4-ஐத் தொட்டால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள், நடுராத்திரி என்றாலும். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாரசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்பது கூடாது. வேலூர் மருத்துவரிடம் "இந்த நோய், இந்த அளவு, காய்ச்சல் வந்தால் இந்த மருந்து" என்று ஒரு கடிதம் வாங்கி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ நீங்கள் போகிற வேறு மருத்துவமனையிலோ இப்போதே காட்டி வையுங்கள். அவசரத்தில் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தெரு முனை கிளினிக்கில் இடுப்பு ஊசி போடவே கூடாது. பிளேட்லெட் 9,000 உள்ளவனுக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். மெத்தென்ற பிரஷ்ஷில் பல் தேய்க்கட்டும், சவரத்துக்கு பிளேடு வேண்டாம்.

தாளடி_விவசாயி

மாற்றுக்குப் பிறகும் சைக்ளோஸ்போரின் கொடுப்பார்கள். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கிற நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டுபோங்கள், ரத்தம் எடுத்த பிறகு போட வேண்டும். பம்பளிமாஸ் பழம் கூடாது, மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். என் கொல்லையில் நிற்கிற மரத்துப் பழத்தை ஊரே தின்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குடந்தை_தாய்

ரயிலில் அப்ளாஸ்டிக் நோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தோடு ஸ்டேஷன் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும், ஆன்லைனில் வராது. மன்னார்குடியிலிருந்து பாமணி எக்ஸ்பிரஸ் மயிலாடுதுறை, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகிறது, தினசரி வண்டி இல்லை, நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது மட்டும் கூட்ட வண்டி வேண்டாம், கடன் வாங்கியாவது காரில் போங்கள். சிஎம்சியின் ரத்தநோய்ப் பிரிவு ராணிப்பேட்டை வளாகத்துக்கு மாறிவிட்டது. சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு அறை எடுங்கள். மாற்று முடிந்து சுமார் நூறு நாள் பக்கத்திலேயே தங்க வேண்டியிருக்கும், சமையல் வசதி உள்ள அறையாகப் பாருங்கள். ஓட்டல் சட்னி, வெளித் தண்ணீர், வெட்டி வைத்த பழம் எதுவும் ஆகாது.

மன்னை_பெரியவன்

குறித்துக்கொண்டேன். இப்போதைய கவலை பிளேட்லெட் கொடுக்க ஆள். வேலூரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. சொந்தக்காரர்களும் கூடாது என்றாகிவிட்டது.

நாகை_கொடையாளி

ஊர் நண்பர்களை வேன் வைத்து அழைத்துப் போவதைவிட அங்கேயே ஆள் பிடிப்பது நல்லது. பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, முன்பே சேர்த்து வைக்க முடியாது. இயந்திரத்தில் கொடுக்கிறவர்கள் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம், அதனால் நல்ல நரம்புள்ள நாலைந்து பேர் கிடைத்தாலே சமாளிக்கலாம். வேலூரில் இன்ஜினியரிங் படிக்கிற நம் பக்கத்துப் பையன்கள் குழு ஒன்று இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினத்துப் பிள்ளைகள்தான், பரீட்சை நாள் தவிர எப்போது கூப்பிட்டாலும் வருவார்கள். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். சேர்கிற தேதி தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.